பரமேஸ் அன்ரி தூக்கிய கை

பரமேஸ் அன்ரி போய்விட்டார் என்ற செய்தி எனக்கு மீன்கடையில் கிடைத்தது. சனிக்கிழமைச் சனம் நெரிந்துகொண்டு நிற்க, கடைக்காரரின் தலைக்கு மேலிருந்த தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. வெக்ஸ்போர்ட்டில் வசித்துவந்த பரமேஸ்வரி கதிரவேலு என்றதும் காதைக் கொடுத்தேன். சுகமில்லாமல் இருந்தவர்தான்; முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மனம் ஓரளவு ஆயத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அறிவித்தலின் வாலில் ஒரு வரி வந்தது: "அன்னாரைத் தம் தாயாகப் போற்றிய வளர்பிறை விளையாட்டுக் கழகத்தினர் ஆழ்ந்த துயரில் பங்கெடுக்கின்றனர்." அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

தாயாம்! அந்தத் தாயை இவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவரை அறிந்த நீங்களே பாதிதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். செத்தவீட்டில் வைத்து ஒன்றும் கதைக்கவேண்டாம் என்று அன்ரியின் மகள் சுகந்தி கையைப் பிடித்துக் கேட்டாள். அதனால் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எழுதவேண்டாம் என்று அவள் கேட்கவில்லை.

வளர்பிறையைக் கனடாவில், ஸ்காபரோவில் உதைபந்தாட்டத்துக்கென்று தொடங்கியவர்கள் அன்ரியும் அவருடைய கணவரும். கழகம் தொடங்கி இரண்டாவது மாரியில் அங்கிள் பனி வழித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தார். கழகம் அதோடு சரி என்று நாங்கள் நினைத்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அன்ரி மைதானத்துக்கு வந்தார். சீலைக்கு மேல் அங்கிளின் மாரிக்கோட்டு, தோள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "ஆர் செக்ரட்டரி எண்டு லீக்கிலை கேக்கினம். நான் என்ரை பேரைக் குடுத்திட்டன். ஆருக்கும் மறுப்பெண்டால் இப்ப சொல்லுங்கோ, பேந்து முணுமுணுக்கிறேல்லை" என்றார். யாழ்ப்பாணத்தில் கந்தோர் ஒன்றில் சுருக்கெழுத்து எழுதியவர். ஆங்கிலம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. நாங்களோ நடுவரோடு வாய்க்குவாய் பேசி மஞ்சள் அட்டை வாங்க மட்டும் ஆங்கிலம் தெரிந்தவர்கள். ஒருவரும் மறுக்கவில்லை.

எங்கள் லீக்கில் அப்போது நான்கு பிரிவுகள். இத்தாலியர், போத்துக்கேயர், கிரேக்கர் என்று ஒவ்வொரு சனத்துக்கும் ஒரு கழகம் இருந்தது. அடியில் இருக்கிற நான்காம் பிரிவில் தொடங்கி, வென்று வென்று ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். ஒருமுறை ஒஷாவாவுக்கு விளையாடப் போனோம். அங்கத்தைய கழகத்துக்கு ஆள் போதாது. அதை மறைக்க, மைதானம் ஈரம், விளையாட ஏலாது என்று நடுவரிடம் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அன்ரி சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கோல் கம்பத்திலிருந்து மற்றக் கோல் கம்பம் வரைக்கும் நடந்துபோய், திரும்பியும் நடந்து வந்தார். "நான் சீலையோடை நடக்கிறன். உங்கடை பெடியள் சப்பாத்தோடை ஓடமாட்டினமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நடுவர் சிரித்துவிட்டு விசிலை ஊதினார். அன்று நாங்கள் வென்றோம்.

இப்படித்தான் மூன்றாம் பிரிவுக்கு வந்தோம். பிறகு அதிலும் முதலாவதாக வந்து இரண்டாம் பிரிவுக்குத் தகுதி பெற்றோம். அந்த வெற்றி விழாவில்தான் எல்லாம் நடந்தது. அந்த வருடம் கழகத்துக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்திருந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பத்திரிகையில் பெயர் வந்தால் வெட்டி ஒட்டி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்தச் சந்தோசத்தை நான் ஏன் கொடுக்கவேண்டும்? மேடையில் அன்ரியைக் கூப்பிட்டு, "கழகத்தின் தாய்" என்று கால்மணி நேரம் புகழ்ந்து, பொன்னாடை போர்த்தினார். சனம் கைதட்டியது. கைதட்டல் ஓய முதலே புதிய செயலாளர் என்று தன் மைத்துனனின் பெயரை அறிவித்தார். "இரண்டாம் பிரிவு பெரிய இடம். இனி ஆம்பிளையள் பாத்துக்கொள்ளட்டும், அன்ரி ஓய்வெடுக்கட்டும்" என்றார். ஒருவரை இப்படியும் வெளியே தள்ளலாம் என்று நான் அன்றுதான் கண்டேன். அன்ரி பொன்னாடையைக் கழற்றி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாதமே தலைவர் கழகத்தை லீக்கிலிருந்து கிளப்பிக்கொண்டு போனார். யாரோ புதிதாக ஒரு லீக் தொடங்குகிறார்களாம், வெளிச்சம் போட்ட மைதானமாம், படியேறத் தேவையில்லையாம், நேரே உச்சியில்தான் விளையாட்டாம். வேர்வை சிந்தி எடுத்த இரண்டாம் பிரிவு இடத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். முப்பது வயது தாண்டியவர்கள், சிப்ட் வேலைக்காரர்கள் எல்லாரையும் கழித்துவிட்டார்கள். கழித்ததில் நானும் ஒருவன். கோல் காப்பாளன் ரஞ்சன் இன்னொருவன். எங்களுக்குத் தேய்பிறை என்று பட்டமும் வைத்தார்கள்.

அன்ரி எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். செங்கதிர் விளையாட்டுக் கழகம் என்று ஒன்றைப் பதிந்து, பழைய லீக்கின் நான்காம் பிரிவில் எங்களைச் சேர்த்துவிட்டிருந்தார். மேசையில் அந்தப் பொன்னாடை விரித்துக் கிடந்தது. கத்தரிக்கோலால் பட்டி பட்டியாக வெட்டி, கப்டன் கையில் கட்டும் பட்டியாகத் தைத்துக்கொண்டிருந்தார். "நல்ல துணி, வீணாக்கக்கூடாது" என்றார். ரஞ்சன் கேட்டான், "அன்ரி, உங்களுக்குக் கவலையில்லையோ?" "கவலைப்பட எனக்கு நேரமில்லையடா. கோவம் இருக்கு, அது வேலை செய்யும்."

புது லீக் இரண்டாவது கோடையில் படுத்துவிட்டது. வெளிச்சம் போட்ட மைதானம் கடைசிவரை கண்ணில் படவில்லை. வளர்பிறை நடுத்தெருவில் நின்றது. எங்கள் லீக்குக்குத் திரும்பி வருவதென்றால், பங்குனியில் ஒஷாவாவில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கழகம் பிரேரிக்க, இன்னொரு கழகம் வழிமொழிய வேண்டும். எப்படியோ கெஞ்சிப் பிரேரிக்க ஒரு கழகத்தைப் பிடித்துவிட்டார்கள். விட்டுவிட்டு ஓடியவர்களை வழிமொழிய ஒருவரும் இல்லை. கடைசியில் தலைவரும் மைத்துனனும் பழத்தட்டத்தோடு அன்ரி வீட்டுக்கு வந்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். அன்ரி எனக்கும் தனக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இருந்தார். அவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. தலைவர் பழையதை மறக்கவேண்டும், தமிழன் தமிழனுக்கு உதவவேண்டும் என்றெல்லாம் கதைத்தார். அன்ரி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "யோசிச்சுப் பாக்கிறன்" என்றார்.

ஒஷாவாக் கூட்டத்துக்கு நானும் அன்ரியோடு போனேன். தலைவர் கோட்டுச் சூட்டோடு பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வழிமொழிவது யார் என்று கேட்டபோது மண்டபத்தில் ஒரு கையும் எழவில்லை. தலைவரின் முகம் வெளிறிக்கொண்டு போவதை அன்ரி ஆற அமரப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். இவருக்கு என்ன பைத்தியமோ என்று எனக்கு விசர் வந்ததுபோல இருந்தது. வளர்பிறை சேர்க்கப்பட்டது, நான்காம் பிரிவில். அடுத்த நிமிடமே தலைவர் ஆட்களோடு படம் எடுக்க வெளியே போய்விட்டார். கூட்டம் முடியுமட்டும் அவர்கள் உள்ளே வரவேயில்லை. அவர்கள் வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உள்ளே பெரிய தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பருவம் முடிய நான்காம் பிரிவே கலைக்கப்படும். முதல் நான்கு கழகங்களை மூன்றாம் பிரிவில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் லீக்குக்கு வெளியே.

திரும்பி வரும்போது வாகனத்தில் கேட்டேன், "அன்ரி, உது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"இருக்கிற கழகங்களுக்கு எல்லாம் முதலே அறிவிச்சவை. தெரியாமல் நான் கை தூக்குவனோ?" என்றார். "வெளியாலை விட்டால், எங்களை விடேல்லை எண்டு சாகுமட்டும் ஒப்பாரி வைப்பினம். உள்ளுக்கை வரட்டும். விளையாடித் தோத்துப் போகட்டும்."

கூட்டக் குறிப்பு எல்லாருக்கும் தபாலில் வந்தது. வளர்பிறைச் செயலாளர் அதை வாசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் வாசிக்கவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும் விழுந்தது. நாங்கள் இரண்டாம் இடத்தை உறுதியாக்கிவிட்டோம். அவர்கள் நான்காவது. சமநிலை எடுத்தாலே அந்த இடம் அவர்களுக்கு. ஐந்தாவதாக இருந்த கழகம் அன்று காலை வென்றிருந்ததால், தோற்றால் போச்சு. ஆனால் அவர்களைப் பொறுத்தவரை நான்காவதும் ஒன்றுதான், எட்டாவதும் ஒன்றுதான். அன்று அவர்களுடைய ஊர்ச்சங்க ஒன்றுகூடல் வேறு. பாதிப்பேர் இறைச்சி வாட்டப் போய்விட, ஒன்பது பேரோடு வந்து நின்றார்கள். அன்ரி எங்களைச் சுற்றி நிற்கவைத்து விசயத்தைச் சொன்னார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு எல்லாரும் வந்திருந்தோம். ஒன்பது பேரென்றாலும் இளம் பெடியள். கோலுக்கு முன்னால் மதில்போல நின்றார்கள். எங்களுக்கு நாக்குத் தள்ளியது. "ஏன் அண்ணை உயிரைக் குடுக்கிறியள்? உங்களுக்குத்தான் இடம் உறுதியாச்சே" என்று ஒருவன் என்னிடம் கேட்டான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் மூலை உதை ஒன்று வந்தது. தலையால் அடிக்கப் பாய்ந்தேன். பந்து என் தோளில் பட்டு உள்ளே போனது. அழகான கோல் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். என் வாழ்க்கையில் நான் அடித்ததில் அதுதான் இனிப்பு.

ஆட்டம் முடிய, தலைவர் சிரித்துக்கொண்டு அன்ரியிடம் வந்தார். "வாழ்த்துகள் அன்ரி. வாற வரியமும் சந்திப்பம்."

"எங்கை சந்திக்கிறது? நான்காம் பிரிவு இண்டையோடை சரி. முதல் நாலு பேர்தான் மேலை. நீங்கள் அஞ்சாவது."

தலைவர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் நிலத்தைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே, அன்ரி?"

"சொல்லுறது உங்கடை செக்ரட்டரியின்ரை வேலை, தம்பி. நான் ஓய்வெடுக்கிறன்."

அன்றிலிருந்து வளர்பிறைக்கு லீக் இல்லை. ஊர்ச்சங்கக் கிண்ணங்களில் விளையாடித் திரிகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று சுகந்தி சொன்னாள், "அம்மா, இனி உதுகளை மறந்து விடுங்கோவன்." அன்ரிக்குப் பேச மூச்சுப் போதாது. ஆனாலும் சொன்னார்: "மறக்கிறது பெரிய மனம் இல்லைப் பிள்ளை. பஞ்சி, வெறும் சோம்பல்." பிறகு என் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை யார் பின்வரிசையில் நிற்பது என்று கேட்டார். அந்த முகத்தை இனிப் பார்க்கமாட்டேன் என்பது எனக்குத் தாங்கவில்லை. மைதானத்துக் கரையில் அவர் இல்லாமல் எப்படி விளையாடப்போகிறோம் என்றும் தெரியவில்லை.

செத்தவீட்டில் தலைவர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். என் தோளில் கையைப் போட்டு, "பகையெல்லாம் அன்ரியோடை போகட்டும். வாற பங்குனி திரும்ப விண்ணப்பிக்கிறம். பிரேரிக்க ஆள் இருக்கு. நீதானே இப்ப செங்கதிர் செக்ரட்டரி, வழிமொழிஞ்சு விடு" என்றார். அன்ரி அந்தப் பக்கம் பெட்டிக்குள் கிடக்கிறார். இந்த மனிசன் இந்தப் பக்கம் நின்று கேட்கிறது.

அன்ரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபமும், ஒஷாவாக் கூட்டத்தில் அவர் இருந்த நாற்காலியும்தான். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பங்குனியில் போய் அந்த நாற்காலியில் இருப்பேன். வழிமொழிவது யார் என்று கேட்பார்கள். அன்ரி பெரிய மனிசி, அவர்களுக்காக ஒருமுறை கை தூக்கினார். எனக்கு அவ்வளவு பெரிய மனம் இல்லை.