அம்மாவுக்கு ஒரு குச்சி

எங்கள் அப்பா முத்துச்சாமி கொத்தனார். எரியோட்டுப் பக்கம் பாதி வீடுகளில் ஒரு சுவராவது அவர் கைபட்டு எழும்பியதாக இருக்கும். விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வேம்பில் பல் விளக்க இரண்டு குச்சி ஒடிப்பார். ஒன்று அவருக்கு, ஒன்று அம்மாவுக்கு. அம்மாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு ஆடும். அதனால் அவளுக்கு மெல்லிய குச்சியாகப் பார்த்து ஒடித்து, நுனியைக் கல்லில் நைத்துப் பஞ்சாக்கி, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வைப்பார்.

போன மாதம் இருவருக்கும் பேச்சு நின்றது. மாமா வீட்டுக் காதுகுத்துக்கு அப்பா வரவில்லை. அன்றைக்குத்தான் வடமதுரையில் அவர் கட்டிய வீட்டுக்குத் தளம் போட்டார்கள்.

"உங்கப்பாட்ட சொல்லு, சோறு இருக்குன்னு" என்பாள் அம்மா.

மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பா, "கேட்டுச்சுன்னு சொல்லு தாயி" என்பார்.

ஆனாலும் குச்சி தினமும் தொட்டியில் இருந்தது. அம்மாவும் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. எதையாவது சரிசெய்ய வேண்டும்போல இருந்ததோ என்னவோ, அம்மாவின் ஈறில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மெத்தென்ற பிரஷ்ஷும் பேஸ்டும் வாங்கி வந்தேன். "எம்மக வாங்குனது" என்று அம்மா அதிலேயே விளக்கினாள். குச்சி விளிம்பிலேயே காய்ந்தது. மறுநாளும் அப்படித்தான். சாயங்காலம் வேலைவிட்டு வந்த அப்பா அதைப் பார்த்தார், காய்ந்த இரண்டையும் எடுத்து வேம்படியில் போட்டார்.

மூன்றாம் நாள், பிரஷ்ஷோடு வாய் கொப்பளிக்கப் போன அம்மா அப்படியே நின்றுவிட்டாள். விளிம்பு வெறுமையாக இருந்தது.

"எனக்கு ஒடிக்கலையா? அம்புட்டு வெறுத்துப் போச்சா?" என்றாள் என்னைப் பார்த்து.

அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"அவதான் தொடவே இல்லையே. நான் ஒடிச்சது இனி வேணாம்போல."

"நான்தாம்ப்பா பிரஷ் வாங்கிக் குடுத்தேன்."

"ரெண்டு நாளா சோறு எறங்கல. அத மொதல்லயே சொன்னா என்ன தாயி?"

வண்டியை நிறுத்திவிட்டு வேம்புக்குப் போனார். அவசரத்தில் கைக்கு எட்டியதை ஒடித்து வந்து நீட்டினார்.

அம்மா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பதினாறு நாளில் முதல்முறையாக அவரிடமே பேசினாள்.

"இம்புட்டுத் தடியாவா ஒடிப்பீக? எனக்கென்ன மாட்டு வாயா?"

"குடு, நைச்சுத் தாரேன்" என்று அப்பா கல்லைத் தேடினார்.

ஏற்கெனவே பல் விளக்கியாகிவிட்டது என்பதை அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.