மணி அடிச்சும் நிக்காத ஜெபம்

ஹேஜினை எங்க சபையில எல்லாரும் அழுத்தக்காரின்னுதான் சொல்லுவாங்க. ஆமா, அழுத்தக்காரிதான். அவ நிலைமையில இருந்து பாருங்க, அப்புறம் பேசுங்க.

புருஷன் குடிச்சுட்டு லாரி ஓட்டி ஒரு மனுஷனைக் கொன்னுட்டான். அவன் சிறைக்குப் போன அடுத்த மாசமே மாமியார் வீட்டுல இவளை வெளிய தள்ளிட்டாங்க. மக தாசொலுக்கு அப்போ அஞ்சு வயசு. குன்சான் துறைமுகத்துல ஐஸ் தண்ணியில கைய விட்டு நண்டு உரிச்சா. விரலெல்லாம் வெடிச்சுப் போச்சு. அப்போதான் எங்க சபை நடத்துற புதுத்துளிர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தா. என்னை மாதிரி பிள்ளையோட தனியா நிக்கிற பொம்பளைங்களுக்கான இடம் அது. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து அறை. இல்லத்தோட கடையில சேர்ந்தே வேலை. முள்ளங்கி கிம்ச்சி, வதக்கின நெத்திலின்னு சோத்துக்குத் தொட்டுக்கறதெல்லாம் செஞ்சு விப்போம்.

இல்லத்தை நடத்துறது பியோ அம்மா. நல்லதையும் சொல்லணும்ல? தாசொலுக்கு நெஞ்சுச்சளி முத்தி ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, ஹேஜினைத் தூங்கச் சொல்லிட்டு முழிச்சுக் கிடந்தது அந்தம்மாதான். ஹேஜின் அவங்களைப் பெத்த தாய் மாதிரி நினைச்சா.

தாசொலுக்குத் தெரிஞ்சவரைக்கும் அவ அப்பா மீன்பிடி கப்பல்ல தூர தேசத்துக் கடல்ல இருக்காரு. அப்படித்தான் அம்மாக்காரி சொல்லி வச்சிருந்தா. அந்தக் குட்டி கடைக்கு வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம், "எங்கப்பா பிடிச்ச சூரை மீனா இருக்கும், வாங்கிக்கோங்க"ன்னு கடையில இருக்கிற மீன் டப்பாவைக் காட்டி வியாபாரம் பண்ணும். சிரிப்பா வரும். பள்ளிக்கூடத்துல எவனும் கொலைகாரன் பொண்ணுன்னு சொல்லிடக் கூடாது, கொஞ்சம் வளரட்டும், நானே சொல்லிக்கிறேன்னு இருந்தா. ஹேஜினோட ஒரே வேண்டுதல் அதுதான். எனக்கே இதெல்லாம் பின்னாடிதான் தெரியும். பியோ அம்மா ஒருத்தங்ககிட்ட மட்டும், இதுக்காக ஜெபிச்சுக்கோங்கன்னு ஜெபக் குறிப்பா ஹேஜின் சொல்லியிருந்தா.

"உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கட்டும்மா"ன்னு கையைப் பிடிச்சுச் சொன்னாங்களாம்.

வசந்த காலத்துல விசேஷ அதிகாலை ஜெப வாரம் வந்துச்சு. பிள்ளைங்களும் வரணும்னு, முடிஞ்சதும் கடல்பாசியில சுருட்டின கிம்பாப் சோறு கொடுப்பாங்க. தாசொல் என் மடியில சாஞ்சு தூங்கி வழிஞ்சுட்டு இருந்தா. போதகர் "ஆண்டவரே"ன்னு மூணு தரம் கூப்பிடச் சொன்னாரு. கூப்பிட்டதும் மொத்த சபையும் ஒரே நேரத்துல சத்தம் போட்டு ஜெபிக்க ஆரம்பிச்சுடும். அந்த இரைச்சல்ல பக்கத்துல இருக்கிறவ என்ன கேக்குறான்னு நமக்குத் தெரியாது, அந்தத் தைரியத்துலதான் எல்லாரும் மனசைக் கொட்டுறது. போதகர் மேடையில இருக்கிற மணியைத் தட்டினா, டக்குன்னு நிறுத்திடணும்.

மணி அடிச்சுது. எல்லாரும் நிறுத்திட்டாங்க. பியோ அம்மா மட்டும் கண்ணை மூடி, நெஞ்சுல அடிச்சுக்கிட்டு உருகிட்டு இருந்தாங்க.

"குடிச்சுட்டு ஆளைக் கொன்னுட்டுச் சிறையில கிடக்கிற தாசொலோட அப்பனை மன்னியும் ஆண்டவரே!"

என் மடியில இருந்த தலை நிமிர்ந்துச்சு.

ஹேஜின் பிள்ளைய இழுத்துட்டுச் சமையல்கட்டுக்குப் போனா. நானும் ஓடினேன். பின்னாலயே பியோ அம்மாவும், அவங்க ஜெபக் குழுப் பொம்பளைங்களும்.

"எப்படிம்மா உங்களுக்கு மனசு வந்துச்சு?"ன்னு கேட்டா ஹேஜின்.

"நான் யார்கிட்டடி சொன்னேன்? ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்!"

ஒருத்தி சமாதானம் பண்றேன்னு வாயைத் திறந்தா. "விடும்மா, இதுல என்ன வெக்கம்? போன கிறிஸ்துமஸ்ல இருந்து எங்க குழுவுல தினம் இதுக்காகத்தான் ஜெபிக்கிறோம்."

அடிப்பாவிகளா! அப்போ இந்தப் பிள்ளை சூரை மீன் டப்பாவை நீட்டினப்போ எல்லாம், தெரிஞ்சுக்கிட்டே பல்லைக் காட்டினீங்களா? நான் கத்தியே கேட்டேன்.

ஹேஜின் அவங்களை ஒவ்வொருத்தியா பார்த்தா. நம்பி மோசம் போனவ பார்வை எப்படி இருக்கும்னு நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். "ஊர் பூராவும் தெரியும். பாக்கி என் பொண்ணு ஒருத்திதான்"னு சொல்லிட்டு, மகளுக்கு முன்னால குத்துக்கால் போட்டு உக்காந்தா.

"தாசொல், கப்பல் எல்லாம் இல்லம்மா. அப்பா தப்பு பண்ணிட்டாரு. ஜெயில்ல இருக்காரு."

குட்டி அழல. "உயிரோடதானே இருக்காரு?"

"இருக்காரு. வர்ற சனிக்கிழமை அம்மாவே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

தாசொல் அவ முகத்தைப் பார்த்தா. அப்புறம் அவளை விட்டுட்டு, கதவோரமா கையைப் பிசைஞ்சுட்டு நின்ன பியோ அம்மா பக்கம் திரும்பினா.

"பியோ அம்மா, எங்கம்மா சொல்றது நிஜமா?"

அதுவரைக்கும் கல்லாட்டம் இருந்த ஹேஜின், அப்போதான் முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதா.