கார்ட்டூன் கற்றுக்கொடுத்த சிங்களம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தலைநகரின் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். மகளுக்கு ஐந்து வயது. பின்னேரமானால் ரி.வி. முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். எல்லாம் சிங்களத்தில் குரல் கொடுத்த கார்ட்டூன்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குக் கடையில் விலை கேட்பதற்கு மேல் சிங்களம் வராது. அவளோ ஒரே வருடத்தில் சரளமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைப் பேசவைத்துக் காட்டாமல் விடமாட்டேன்.

அவளுக்குப் பிடித்தது ஒரு கரடிப் பொலிஸ்காரர் வரும் கதை. கள்ளர்கள் மரப்பொந்தில் ஒளிந்திருப்பார்கள். குட்டி அணில் ஓடிவந்து இடத்தைக் காட்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். பிள்ளை உண்மை பேசப் பழகுகிறாள் என்று நானும் சேர்ந்து தட்டியிருக்கிறேன்.

போர் நடந்த அந்த நாட்களில் தமிழர் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். ஒரு சனிக்கிழமை என் கணவரின் தம்பி வவுனியாவிலிருந்து வந்து இறங்கினார். பதிவதற்கு வீட்டுச் சொந்தக்காரர் கூட வரவேண்டும். அவர் கண்டிக்குப் போயிருந்தார். "திங்கக்கிழமை பதிவம், இடையில ஒரு நாள்தானே" என்றார் என் கணவர்.

ஞாயிறு காலை ஒழுங்கையைப் பொலிஸார் சுற்றி வளைத்துவிட்டார்கள். கீழ் வீடுகளில் கதவு தட்டும் சத்தம் மேலே ஏறி வந்தது. தம்பியைப் பின் பல்கனியில், காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் குந்த வைத்தோம். அதுதான் நாங்கள் செய்த மடத்தனம். பதியாத ஆளைவிட ஒளித்துவைத்த ஆள்மேல்தான் கூடுதல் சந்தேகம் வரும் என்பது அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை.

வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அடையாள அட்டைகளைப் பார்த்தார், அறைகளை எட்டிப் பார்த்தார், மூன்று பேர்தானா என்று கேட்டார். இவர் தலையாட்டினார். அதிகாரி வாசல்வரை போய்விட்டார். அப்போது மகள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமே, எயா அதன ஹெங்கிலா இன்னவா."

மாமா, அவர் அங்கே ஒளிந்திருக்கிறார் என்று சொல்லி, பல்கனிப் பக்கம் விரலை நீட்டினாள். குரலும் நிற்கிற விதமும் அப்படியே அந்த அணில்.

தம்பியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் பல்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மகளும் என் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, நான் கெட்டிக்காரிதானே?"

அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்த முகம் பாராட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது. "ஓம்" என்றேன்.

"அப்ப சித்தப்பா கள்ளனோ?"

"இல்லையம்மா."

"கள்ளன் இல்லாட்டி ஏன் ஒளிச்சவர்?"

நான் சோறு வடிக்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

வீட்டுச் சொந்தக்காரர் கண்டியிலிருந்து வந்து பொறுப்புச் சொன்ன பிறகுதான் தம்பியை விட்டார்கள். வந்ததும் வராததுமாய் மகளைத் தூக்கி, "உன்ர சிங்களம் என்ர சிங்களத்தை விடத் திறம்" என்று சிரித்தார். அவளோ உடம்பை விறைத்துக்கொண்டு, வழுக்கி இறங்கி என் பின்னால் ஒதுங்கினாள். பொலிஸ் பிடித்துக்கொண்டு போனவர் அல்லவா. பிறகும் கன நாள் அவர் பக்கமே போகவில்லை.

ரி.வி.யைத் தூக்கி எறியச் சொன்னார் இவர். நான் எறியவில்லை. அது தனக்குத் தெரிந்த ஊரின் நியாயத்தைச் சொல்லிக் கொடுத்தது, அவ்வளவுதான். ஒளிப்பவன் கெட்டவன் என்று ஒரு கார்ட்டூன் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது. குற்றம் செய்யாதவரும் ஒளிக்க வேண்டிவருகிற ஊரில் நீ வளர்கிறாய் என்று சொல்ல, பெற்றவளான எனக்கு வாய் வரவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என்னை இருக்கவிடாமல் செய்கிறது.