குடிக்கக் கொஞ்சம் தண்ணீர்

எந்த வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றியதும் அருமைநாயகம் முதலில் கேட்பது, "ஆத்தா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி." ஜீவத்தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்காகச் சபையால் அனுப்பப்பட்டவர் அவர்; போதகர் என்பதால் ஊரார் வாயில் 'ஐயர்'. சொம்பு காலியாவதற்குள் மாட்டுக்கு வந்த காய்ச்சல், மருமகளின் கோபம் எல்லாம் வந்து சேரும். வேதாகமம் பைக்குள்ளேயே இருந்துவிடும்.

யாராவது ஜெபிக்கச் சொன்னால்தான் கண்ணை மூடுவார். மூடினால் லேசில் திறக்கமாட்டார். கம்பத்துத் திராட்சைப் பந்தலின் பச்சை வெளிச்சத்தில் ஒருமுறை அப்படி நின்றபோது, ஜெபிக்கச் சொன்னவர்களே வேலைக்குத் திரும்பிவிட, ஒரு கொடி மட்டும் அவர் தோளைப் பற்றப் பார்த்ததாம். நான் நம்புகிறேன்.

பழனிசெட்டிபட்டியில் அவர் அறைக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் சிக்கந்தருக்கு அவரைச் சீண்டாமல் பொழுது விடியாது.

"என்ன ஐயரே, ஒரு ஆடாவது சிக்குச்சா?"

"எல்லா ஆட்டுக்கும் மேய்க்க ஆள் இருக்காக பாய்."

"அப்ப ஒங்களுக்கு எதுக்குச் சம்பளம்?"

சபைத் தலைவர்களும் அதையேதான் கேட்டார்கள். சித்திரைக்குள் ஒருவராவது ஞானஸ்நானம் பெறாவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெரு அன்னத்தாய் ஓடிவந்தார். மகன் விஜய்பாண்டி பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான்.

"வீரபாண்டி ஆத்தாளுக்குத் தீச்சட்டி நேந்திருக்கேன் ஐயரே. அத விட்டுர்றேன். நாளைக்கே ஆத்துல முங்கி ஒங்க வேதத்துக்கு வந்துர்றேன். ஒங்க சாமி புள்ளயக் காப்பாத்தட்டும்."

அருமைநாயகம், "பயத்துல முங்க வேணாம் ஆத்தா. நேந்தத மொதல்ல செலுத்துங்க. ஜெபம் நான் சும்மாவே பண்ணுறேன்" என்றார்.

"கைக்கு வந்தத விட்டுட்டீகளே!" என்று சிக்கந்தர் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் அருமைநாயகம் கண்ணை மூடியே நின்றார். மகன் பிழைத்தான். யாரால் என்பதில் தெருவில் இரண்டு கட்சி. தானும் துஆ செய்ததாகச் சிக்கந்தர் மூன்றாவது கட்சி.

திருவிழா நாளில் வீரபாண்டிச் சாலை வெயிலில் ஏதோ கனவில் கண்ட ஆறு போல நெளிந்தது. அருமைநாயகம் அறையைக் காலிசெய்து பெட்டியை டீக்கடை பெஞ்சில் வைத்திருந்தார். மஞ்சள் சேலையில், வெறுங்காலோடு, தீச்சட்டி ஏந்தி அன்னத்தாய் வந்தார். சிக்கந்தரின் குடத்தைத் தூக்கிக்கொண்டு அருமைநாயகம் சாலையில் இறங்கி, அந்தக் கால்கள் மிதிக்கப்போகும் தார்மீது தண்ணீர் ஊற்றிக்கொண்டே பின்னோக்கி நடக்கத் தொடங்கினார்.