ஒரு வரிசைக்கு ஒரே சிவப்பு அட்டை

முதலில் வந்தது ரத்தம். வலியே இல்லாமல், சிறுநீரோடு. மாதவிடாய் நின்று மூன்று வருடமாகியிருந்தது. பேனல் கிளினிக்கில் (நிறுவனம் பணம் கட்டும் கிளினிக்) மூன்று முறையும் கிருமித்தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். நிமிர்ந்துகூடப் பார்க்காத வைத்தியம்.

பெரிய மருத்துவமனையில் சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது.

பினாங்கில், பாயான் பாருவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ரெசின் (செயற்கைப் பிசின்) கலக்கும் பிரிவில் இருந்தேன். ரெசினை இறுக்கும் ரசாயனம் மெல்லிய கையுறையைத் தாண்டித் தோல்வழியே உள்ளே போகும். பாதுகாப்பு அதிகாரி என்று உலவிய மேதை ஆளுக்கொரு பால் பொட்டலம் நீட்டுவார். "குடிங்கக்கா, விஷமெல்லாம் கழுவிட்டுப் போயிடும் லா." பால் கொடுத்த மாட்டுக்கே அவரைவிட விவரம் தெரிந்திருக்கும். நாங்களும் குடித்தோம்.

மருத்துவமனை டாக்டர் சின்னப் பெண். என் வேலையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆன்ட்டி, வெளிய தள்ளத்தான் கல்லீரல் அந்தக் கெமிக்கலை மாத்துது. மாத்துறப்போ சிலது இன்னும் மோசமாயிடும். கிட்னி அதைச் சிறுநீர்ப்பைக்கு அனுப்பும். அங்க தேங்குற நேரமெல்லாம் சுவர்ல பட்டுக்கிட்டே இருக்கும். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா ரிஸ்க் கூடும். வேலையில எத்தனை மணிக்கு ஒருக்கா டாய்லெட் போவீங்க?"



எங்கள் வரிசையில் இருபது பெண்கள். கழிவறைக்குப் போக ஒரே சிவப்பு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த லைன் லீடர் நான்தான். "அடக்கிக்க, ரெஸ்ட் டைம்ல போ" என்று விரட்டியே சிறந்த லீடர் கோப்பை வாங்கினேன். நானும் அடக்கிக் காட்டினேன். அந்த நிறுவனத்தைக் காறித் துப்பினால் என் மேலும் தெறிக்கும். தெறிக்கட்டும்.

கட்டியைச் சுரண்டி எடுத்தபின், வாரம் ஒருமுறை சிறுநீர்ப்பைக்குள் மருந்து செலுத்தினார்கள். "ரெண்டு மணி நேரம் அடக்கிக்கணும், முடியுமா ஆன்ட்டி?" என்றாள் நர்ஸ். கோப்பை வாங்கியவளிடமா கேட்கிறாய்?

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: ரத்தம் ஒரே முறை வந்து நின்றாலும் போய்ப் பாருங்கள். செய்யும் வேலையைச் சொல்லுங்கள்.

இப்போது உடம்பு கேட்டவுடன் எழுந்து போகிறேன். என் காலம் ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமரா வரை, மூன்று மூன்று மாதமாக நகர்கிறது.

நேற்று, என் வரிசையில் இருந்த மாலதியை அழைத்து ரத்தம் வருகிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டி வந்துச்சுக்கா. சூடுதான்."

"நாளைக்கே போ."

"இப்ப அட்டை என் கழுத்துலக்கா. லைனை யாரு பாத்துக்குவா? தீபாவளி லீவுல போறேன்."

தீபாவளிக்கு இன்னும் ஐந்து மாதம். நாளைக் காலை ஃபேக்டரி பஸ் வருமுன் சுங்கை பினாங்கில் அவள் ஃபிளாட் வாசலில் நிற்பேன். அடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே.