சோய்ஜில் அண்ணனின் கத்தும் வேன்

சோய்ஜில் அண்ணன் சாவியைத் திருகினால் போதும், மங்கோலியாவின் செத்செர்லெக் ஊர்ச் சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். வேன் அப்படிக் கத்தும். காதுக்குள் தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு கீச்சு. ஏறி உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்ட ஆட்கள்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒவ்வொருவராக இறங்கிவிடுவார்கள். தலைநகர் உலான்பாத்தருக்கு ஒன்பது மணி நேரப் பாதை. முதல் பனி வேறு விழுந்துவிட்டது. நடுவழியில் நின்றுபோகிற வண்டியில் யார் போவார்கள்?

"குட்டியத் தொலைச்ச ஒட்டகம் மாதிரி கத்துதேண்ணே! ஒட்டகத்துக்கு வாசிக்கிற மாதிரி ஒரு பிடில் வாசிச்சுப் பாரு, அடங்கும்!" என்று அடுத்த வேன்காரன் தோர்லிக் கூவுவான். இறங்கிய ஆட்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டேதான் கூவுவான்.

அண்ணன் பதில் சொல்லமாட்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக வாரத்தில் மூன்று நாள் அந்த ஒரே பாதையில் போகிறார், வருகிறார். முதலில் பழைய ருஷ்ய வேன், போன வருடத்திலிருந்து இந்த ஜப்பான் வேன். பதில் சொல்கிற சக்தியெல்லாம் எந்தத் திருப்பத்தில் கொட்டிப்போனதோ.

அந்தத் திங்கட்கிழமை ஆளில்லாத வேனோடு சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் என் மெக்கானிக் கொட்டகைக்கு வந்தார். இது மூன்றாவது தடவை. ஏற்கெனவே இரண்டு பெல்ட் மாற்றிவிட்டேன். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிட்டேன். வேறு யாராவது என்றால் என்னைக் கிழித்திருப்பார்கள். அவர் பழைய டயர் மேல் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து உப்புப் பால்டீயை ஊற்றி முதலில் என்னிடம் நீட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தம்பி, அலுத்துப்போச்சுடா. இந்த மாசமும் ஆளு ஏறலைன்னா வண்டிய வித்துட்டு தெக்க சுரங்கத்துக்குக் காவலுக்குப் போயிருவேன். போனா ஆறு மாசம் வர முடியாது."

"அக்காவ யாருண்ணே பாத்துப்பா?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்," என்றார் டீயைப் பார்த்துக்கொண்டு.

அவர் மனைவி நோர்ஜ்மா அக்காவுக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வருகிறது. வேலியைத் தடவித்தான் நடக்கிறார்.

இன்ஜினை ஓடவிட்டேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு பேரிங் பக்கமாக வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். எல்லா பேரிங்கும் சுத்தமாக ஓடியது. அடுத்து பாட்டிலில் தண்ணீர் எடுத்து பெல்ட் மேல் பீய்ச்சினேன். பெல்ட் சுற்றும் புல்லிச் சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை என்றால் தண்ணீர் பட்டதும் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும். இது அடங்கவில்லை, இன்னும் உரக்கக் கத்தியது. அப்படியென்றால் பெல்ட் வழுக்குகிறது. விறைப்பாக இருக்கிற புது பெல்ட் ஏன் வழுக்க வேண்டும்? இன்ஜினை அணைத்துப் பார்த்தால், புல்லியின் பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. உறைபனி என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டேன். முட்டாள் நான்!

"எப்பெப்பண்ணே கத்துது?"

"போறப்பக் கத்தும். பாதி தூரத்துல அடங்கிரும். வர்றப்பக் கத்தாது."

"உலான்பாத்தர்லயும் காலையிலதான கிளம்புறீங்க? அங்கயும் இதே குளிர்தான?"

"ஆமா. அங்க ஊமை மாதிரி வரும். இங்க வந்ததும் வாய் வந்துரும். சொந்த ஊருன்னு தெரியுது போல."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். எனக்கு அந்த இரவு தூக்கமே வரவில்லை. புதன்கிழமை விடிந்ததும் அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

முற்றத்தில் வேன் நின்றது. அவர்கள் குடியிருக்கும் வட்டக் கூடாரத்தின் குழாயிலிருந்து புகை நேராக மேலே போனது. நோர்ஜ்மா அக்கா ஒரு கையில் பால்வாளியும் மறு கையில் அகப்பையுமாக வெளியே வந்தார். பயணம் போகிறவருக்குப் பால் தெளிப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், என் அம்மாவும் தெளிப்பார். ஆனால் அக்கா வேனைத் தடவி, ஓட்டுநர் கதவைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து குனிந்து முன்சக்கரத்தைத் தொட்டு, அதன் தலையில் ஓர் அகப்பைப் பாலை அப்படியே ஊற்றினார்.

"நல்லபடியாப் போயிட்டு வா ராசா. கத்தாம போ."

அண்ணன் சாவியைத் திருகினார். கீச்சென்று முற்றமே அதிர்ந்தது.

"ஐயோ, இன்னிக்கும் இதுக்குக் கோவம் தீரலையே," என்று அக்கா இன்னோர் அகப்பை ஊற்றினார்.

நான் மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். வலது சக்கரத்துக்கு உள்பக்கம் பெல்ட்டை மறைத்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டையே காணோம். கோடையில் ஏதோ கல் பட்டு உடைந்து விழுந்திருக்க வேண்டும். அந்த ஓட்டை வழியாகப் பால் சொட்டுச் சொட்டாக புல்லி மேல் விழுந்துகொண்டிருந்தது. புளித்த வாசனை மூக்கில் ஏறியது. ருஷ்ய வேனில் ஸ்டீயரிங் இடது பக்கம், பாலும் இடது பக்கம் விழும். இந்த வேனில் வலது, பெல்ட் இருக்கிற அதே பக்கம். வண்டி கத்தக் கத்த அக்கா பயந்துபோய் அதிகமாக ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்ற அது கத்தியிருக்கிறது!

நான் எழுந்து அண்ணனைப் பார்த்தேன். விரலில் இருந்த பாலைக் காட்டினேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தார்.

கொட்டகைக்கு வந்ததும் சொன்னார்: "அவகிட்ட சொல்லாத. கண்ணு மங்கினதுல இருந்து பால் கறக்க நான், அடுப்பு மூட்ட நான். எனக்காக அவ தானாச் செய்யிற ஒரே காரியம் இதுதான்டா."

என் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

புல்லிகளைச் சோப்பும் வெந்நீரும் போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்தேன். வெள்ளைக் கட்டிகள் தயிரேடு மாதிரி பெயர்ந்து வந்தன. புது பெல்ட் போட்டேன். நீல நிறத் தண்ணீர் டிரம் ஒன்றை அறுத்து, வளைத்து, சக்கரத்துக்கு உள்ளே மறைப்பாகப் பொருத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை நானும் போய் நின்றேன். அண்ணன் சாவியைத் திருகினார். அக்கா அகப்பையோடு காத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?"

"பண்ணிட்டேன்."

அக்கா பானெட்டில் கை வைத்தார். அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "ஏன் கத்தல? என்ன பண்ணீங்க ரெண்டு பேரும்?"

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. இருபத்தாறு வருடமாகப் பாதையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பழக்கமில்லை. திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அக்கா பானெட்டிலிருந்து கையை எடுத்தார்.

"மூணு மாசமா நான் ஊத்துன பாலா கத்துச்சு?"

"ம்."

"மூணு மாசமா அதை மோந்து பாக்காம ஒரு மெக்கானிக்கு! இருபத்தாறு வருசம் ஓட்டுன ஒரு டிரைவரு! மரமண்டைங்களா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா பின்னால ஊத்தியிருப்பேன்ல?" அகப்பை வாளியின் விளிம்பில் டக்கென்று மோதியது. பிறகு கேட்டார்: "எங்க ஊத்தணும், காட்டு."

அண்ணன் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துப் பின்சக்கரத்துக்கு அழைத்துப் போனார். அக்கா அதைத் தொட்டுப் பார்த்து ஊற்றினார்.

வேன் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டியது. அக்கா கூடாரத்தைப் பார்த்து நின்றபடி, "போயிட்டாரா?" என்று கேட்டார். இத்தனை நாளும் அந்தக் கீச்சை வைத்துத்தான் அண்ணன் எவ்வளவு தூரம் போனார் என்று அக்கா தெரிந்துகொண்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பி, மிச்சப் பாலை வீசினார்.

நான் சந்தைக்கு ஓடினேன். வேனில் கடைசி இருக்கைவரை ஆட்கள், யார் மடியிலோ ஓர் ஆட்டுக்கால் மூட்டை. தோர்லிக் வந்து பானெட்டில் காதை வைத்துக் கேட்டான். "ஒட்டகத்துக்குத் தொண்டை கட்டிக்கிச்சாண்ணே?"

"குட்டி கிடைச்சிருச்சு. போடா," என்றார் அண்ணன்.

பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். எதிரே ஒன்பது மணி நேரம். கண்ணுக்குக் கீழே பை பையாகத் தொங்கியது.

"ஓட்டாம இருக்க ஒரு சாக்கு இருந்துச்சுடா தம்பி. அதையும் கழுவி விட்டுட்ட," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.