சுரண்டி எடுத்த நான்கு வரிகள்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று திதிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு போகும் உங்கள் எல்லோருக்கும் தம்பியாகிய நான் எழுதுகிறேன். இதுபோன்ற மலர்களில் நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். அண்ணனுக்கு அது பிடிக்காது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஷார்ஜா போய்ச் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கினார். இரண்டு தங்கைகளைக் கரையேற்றினார், என்னைப் படிக்க வைத்தார். தனக்கென்று கல்யாணம் செய்துகொண்டது அதற்கெல்லாம் பிறகுதான். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் துபாயில், விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருந்தார். தங்கியது அல் குசைஸில்.

எந்த போல்ட்டை யார், எப்போது மாற்றினார் என்று பதிவேட்டில் சரிபார்ப்பது அவர் வேலை. அங்கே ஒரு விதி உண்டு. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும். லீவில் வந்தால் மளிகைச் சீட்டில்கூட அண்ணன் அப்படித்தான் அடிப்பார். துவரம்பருப்புக்கும் கையெழுத்தா என்று அண்ணி கேலி செய்வார்.

அந்தப் பிரிவின் தலைவி ஒரு ஜெர்மன் அம்மையார். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானி. தாத்தா கைப்பட எழுதிய பறப்புக் குறிப்பேடு வீட்டை ஒழிக்கும்போது கிடைத்ததாம். அதை வைத்துக் குடும்பத்துக்காக ஒரு சிறு புத்தகம் போட ஆசைப்பட்டார். பதிவேடு படிக்க இவரைவிட ஆள் யார் என்று அண்ணனிடம் கொடுத்தார். அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க அண்ணன் இணையத்தில் பாடம் பார்த்தார். விடுமுறை நாட்கள் முழுவதும் அதிலேயே போயின.

ஞாயிறு காலைதோறும் என்னோடு பேசுவார். "அவங்க தாத்தா சண்டையே போடலையாம்டா. தபால் பிளேன்தான் ஓட்டினாராம். அந்தம்மா சின்னப்புள்ளையிலேருந்து அதைக் கேட்டுத்தான் வளந்திருக்காங்க" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்தச் சந்தோஷம் இல்லை.

"கூட்டல் இடிக்குதுடா. ஒரு பக்கத்துல வரியெல்லாம் கூட்டினா ஒம்பது மணி நேரம் குறையுது. பாத்தா, நாலு வரியை பிளேடால சுரண்டி எடுத்திருக்காங்க. அடியில போட்ட மொத்தத்தை மாத்த மறந்துட்டாங்க."

"எம்பது வருசத்துக் கதை. விட்டுத் தள்ளுங்கண்ணே."

"ஒண்ணுமில்லாததை யாரும் சுரண்ட மாட்டாங்கடா."

அந்தப் பேச்சின் முடிவில் அண்ணன் வேறொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்ததில், சுரண்டிய இடத்தில் பேனா அழுத்திய தடம் தெரிந்திருக்கிறது. ஓர் ஊரின் பெயர். ஜெர்மனியில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டு, அந்த விமானப் படைப்பிரிவின் தினசரி அறிக்கைகளை வாங்கினார். சுரண்டிய நான்கு வரிகளும் நான்கு நாட்கள். முதல் மூன்று நாட்கள் பாலங்கள்மேல் குண்டு. நான்காவது நாள், ஊரைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் போன சாலை. வண்டிகள், குதிரைகள் என்று அறிக்கையில் இருந்தது. தாழப் பறந்து, இரண்டு முறை சுட்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை விட்டுவிட முடியாதா என்று அம்மையார் கேட்டிருக்கிறார். புத்தகம் உங்களுடையது மேடம், ஆனால் என் கையால் நான் எதையும் அழித்ததில்லை என்று அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார்.

"அவங்க முகமே செத்துப்போச்சுடா. சொல்லியிருக்க வேண்டாமோன்னு இருக்கு. ஆனா தெரிஞ்சும் சொல்லாம எப்படிடா இருக்கிறது?" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மூன்றாம் நாள் அலுவலக மேசையிலேயே சாய்ந்துவிட்டார்.

வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கும் போலீசுக்கும் அலைந்த அறைத் தோழர்களுக்கும், காகிதங்களை முடித்து நான்கே நாளில் உடலை அனுப்பிவைத்த துபாய்த் தமிழ் நண்பருக்கும், திருச்சி விமான நிலையத்தில் எங்களோடு நின்றவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். அந்த ஜெர்மன் அம்மையாருக்கும் நன்றி. சென்ற மாதம் அவருடைய புத்தகம் தபாலில் வந்தது. தபால் பிளேன் கதையை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கீழே அந்த நான்கு நாட்களையும் அச்சிட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"முன்கூட்டி ஒண்ணும் சொல்லலையா?" என்று காரியத்தன்று நீங்கள் ஒவ்வொருவரும் கேட்டீர்கள். "யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன். அண்ணியிடமும் அதையே சொன்னேன். அதை இங்கே அடிக்கிறேன். சரியானது இது: அண்ணன் என்னிடம் சொன்னார்.

கூட்டல் இடிக்கிறது என்ற அன்றுதான் சொன்னார். "நெஞ்சுல ஒரு பாரமா இருக்குடா. மாடி ஏறினா மூச்சு வாங்குது. லீவு போட்டு வந்து நம்ம டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

தை மாதம் என் மகள் கல்யாணம். "இப்பவே லீவை எடுத்துட்டா கல்யாணத்துக்கு எப்படிண்ணே வருவீங்க? பெரியப்பா இல்லாம மணவறையா? வாயுவாத்தான் இருக்கும், இஞ்சி தட்டிப் போட்டுக் குடிங்க" என்றேன்.

"சரிடா" என்றார். கார்த்திகையில் பெட்டியில் வந்தார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பின் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அடித்தவன் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறேன்.

தம்பி